கேஜன் உணவகத்துக்குப் போகலாமா?

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது குடும்பத்தோடு கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் சிறு நகரமொன்றில் வசிக்கிறார். அங்கே புதிதாக ஒரு கேஜன் உணவகம் திறந்திருக்கிறார்கள். மெனுவைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "சேர், சோறு, மீன், இறால் எல்லாம் இருக்கு. நல்ல உறைப்பாம். பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகலாமா?"

வரலாற்று ஆசிரியரிடம் கேட்கும் கேள்வியா இது என்று சிலர் நினைக்கலாம். கேஜன் விடயத்தில் வரலாற்றையும் சாப்பாட்டையும் பிரிப்பது கஷ்டம். எமது உறவினர்கள் பலர் மேற்கு நாடுகளில் வாழ்வதால் அவருக்குச் சொன்ன பதிலை இங்கும் எழுதுகிறேன்.

கேஜன் என்பது மசாலாவின் பெயரல்ல, ஒரு மக்களின் பெயர். 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸிலிருந்து வந்து இன்றைய நோவா ஸ்கோஷியா பகுதியில் குடியேறிய விவசாயிகளை அகாடியர் என்றார்கள். அந்தச் சொல் மருவித்தான் கேஜன் ஆனது. 1713இல் அந்த நிலம் பிரித்தானியாவின் கைக்குப் போனது. நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க அகாடியர் மறுத்தார்கள். 1755இல் வெளியேற்றம் தொடங்கியது. வீடுகளுக்குத் தீ வைத்து, மக்களைக் கப்பல்களில் ஏற்றினார்கள். ஒரே குடும்பத்தினர் வெவ்வேறு கப்பல்களில் ஏற்றப்பட்ட சம்பவங்களும் உண்டு. சில ஆண்டுகளில் 10,000க்கும் அதிகமானோர் ஊர் இழந்தார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வந்தவர்களை அறிந்த எமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அவர்களில் ஒரு பகுதியினர் 1760களின் நடுப்பகுதி முதல் அமெரிக்காவின் தெற்கே லூசியானாவின் சதுப்பு நிலங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே கிடைத்ததைச் சமைத்தார்கள். ஆபிரிக்க அடிமைகளோடு வந்த வெண்டிக்காய், பூர்வீகக் குடிகளான சொக்டோ மக்கள் பயன்படுத்திய சசஃப்ராஸ் இலைத்தூள், வயல் நெல், சேற்று நீரில் வாழும் சிறிய சிங்கிறால் போன்ற கிரோஃபிஷ் ஆகியவையே அந்தச் சமையல். 'கம்போ' என்ற அவர்களது புகழ்பெற்ற குழம்பின் பெயரே, வெண்டிக்காயைக் குறிக்கும் ஆபிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள்.

ஆசிரியன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 1921ஆம் ஆண்டு லூசியானா அரசியலமைப்பு பாடசாலைகளில் ஆங்கிலம் மட்டும்தான் என்றது. வீட்டில் பேசிய பிரெஞ்சை வகுப்பில் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். 1968இல் பிரெஞ்சை மீட்க மாநில அரசே ஒரு சபையை அமைத்தபோது, பல வீடுகளில் அந்த மொழி பாட்டன், பாட்டியோடு நின்றுவிட்டிருந்தது. சமையல் மட்டும் நிற்கவில்லை.

இனி உறைப்பு. கேஜன் என்றால் நாக்கு எரியும் என்பது பெரும்பாலும் பிற்காலக் கதை. ஒபலூசாஸில் பிறந்த போல் ப்ருடோம் என்ற சமையல்காரர் 1979இல் நியூ ஒர்லியன்ஸில் உணவகம் திறந்தார். மீனில் மசாலா பூசி, கொதிக்கும் இரும்புச் சட்டியில் கருக்கி எடுக்கும் அவரது முறை 1980களில் பெரும் மோகமானது. அந்த மீனினம் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு, அதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் நிலை வந்தது. எமது ஊர்க் கடைகளில் 'கேஜன் சிக்கன்' என்று வருவது இந்த மசாலாத் தூளின் தூரத்து உறவு. அங்கே கோழி ஹலாலா என்று பார்த்தால் போதும்.

உண்மையான கேஜன் கடையில் அது போதாது. காரணம், பன்றி அங்கே மேலே வைக்கும் துண்டு அல்ல, அடித்தளம். குழம்பின் உயிர் 'ரூ' என்பது. மாவையும் கொழுப்பையும் ஏறக்குறைய சம அளவில் எடுத்து, சட்டியை விட்டு நகராமல் கோப்பி நிறம் வரும்வரை கிளற வேண்டும். அந்தக் கொழுப்பு தாவர எண்ணெயாகவும் இருக்கலாம், பன்றிக் கொழுப்பாகவும் இருக்கலாம். பிறகு வெங்காயம், செலரி, கெப்சிகம் சேரும். இந்த மூன்றையும் 'பரிசுத்த திரித்துவம்' என்பார்கள். பயப்பட வேண்டாம், அது கத்தோலிக்கச் சமையலறைப் பகிடி. அந்தூயி என்பது புகையூட்டிய பன்றி சொசேஜ், டாசோ புகையூட்டிய பன்றி இறைச்சி, பூடான் சோறும் பன்றி இறைச்சியும் அடைத்த சொசேஜ். மெனுவில் 'இறால் கம்போ' என்று இருந்தாலும் உள்ளே அந்தூயி கிடக்கும். சிவப்பு அவரையும் சோறும் மரக்கறி உணவு போலத் தெரியும், ஆனால் பன்றி எலும்போடு வேகவைப்பதே வழக்கம். "சொசேஜை எடுத்துவிட்டுத் தாருங்கள்" என்றால் அவர்கள் எடுத்துவிட்டுத் தருவார்கள். சாறு அப்படியே இருக்கும்.

ஆகவே கேட்க வேண்டியது துண்டைப் பற்றியல்ல. ரூ எந்தக் கொழுப்பில் செய்தது? சாறு எதனுடைய எலும்பில் எடுத்தது? மீன் பொரிக்கும் எண்ணெயில் பூடான் உருண்டையும் பொரிக்கிறார்களா? கிரோஃபிஷ் அவிக்கும் பெரிய பானையில் சொசேஜும் கூடவே போகிறதா, பியர் ஊற்றுகிறார்களா? இப்படிக் கேட்பதை அங்கே யாரும் குறையாக நினைப்பதில்லை. ஒவ்வாமை உள்ளவர்கள் தினமும் கேட்கிறார்கள்.

தவளைக்காலும் முதலையும் மெனுவில் இருக்கலாம். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இரண்டும் கூடாது. கிரோஃபிஷ் பற்றி மத்ஹபுகளுக்கிடையில் கருத்து வேறுபாடு உண்டு, உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேளுங்கள்.

மாற்றவே முடியாத சமையல் அல்ல இது. 1975க்குப் பின் அகதிகளாக வந்து அந்தக் கரையோரத்தில் மீன்பிடித்த வியட்நாமியர், கிரோஃபிஷை உள்ளிப் பூண்டும் பட்டரும் போட்டுத் தமதாக்கிக் கொண்டார்கள். அந்தூயியை மாட்டிறைச்சியில் செய்தாலும் புகை மணம் குறையாது.

மாணவருக்குக் கடைசியாக எழுதியது: பிள்ளைகள் இனிப்புக் கேட்டால் பிரெட் புடிங்கின் மேல் ஊற்றும் சோஸில் விஸ்கி இருக்கிறதா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் இருக்கும்.