முத்திரையும் பின்னிய துகள்களும்

இறைத்தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் ரோமானியர்களுக்கு மடல் எழுத நாடியபோது, முத்திரையிடாத மடலை அவர்கள் படிப்பதில்லை என்று தோழர்கள் எடுத்துரைத்தனர். உடனே வெள்ளி மோதிரம் ஒன்று செய்யப்பட்டு, அதில் ‘முஹம்மது ரஸூலுல்லாஹ்’ எனப் பொறிக்கப்பட்டது. ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி பதிவாகியுள்ளது. முத்திரை இரு வினாக்களுக்கு விடையளிக்கிறது: மடல் வழியில் பிரிக்கப்பட்டதா? அனுப்பியவர் உண்மையில் யார்?

முதல் வினாவுக்கு இன்றைய குவாண்டம் இயற்பியல் வியத்தகு விடை தந்துள்ளது. ஒன்றாகப் பிறந்த இரு ஒளித்துகள்கள் எத்துணைத் தொலைவு பிரிந்தாலும், அளக்கும்போது அவற்றின் முடிவுகள் தம்முள் இயைந்து நிற்கும். இதுவே குவாண்டம் பின்னல். 1964இல் ஜான் பெல் காட்டிய வழியில் இவ்வியைபை எண்ணால் அளக்கலாம். பின்னலற்ற பொருள்களில் அவ்வெண் 2ஐத் தாண்டாது. பின்னிய துகள்களில் ஏறத்தாழ 2.83 வரை உயரும். இதைக் கொண்டு இரகசியத் திறவுகோல் உருவாக்கும் முறையை 1991இல் ஆர்தர் எகர்ட் வகுத்தார். இடையில் எவரேனும் துகளை அளந்தால் பின்னல் குலையும், எண் சரியும், ஒட்டுக்கேட்பு வெளிப்பட்டுவிடும். சீனாவின் மிக்கியஸ் செயற்கைக்கோளின் துணையால் 1,120 கிலோமீட்டர் இடைவெளியிலுள்ள இரு நிலையங்கள் இவ்வாறு திறவுகோல் பெற்ற செய்தி 2020இல் வெளியாயிற்று.

இரண்டாம் வினாவோ அப்படியே நிற்கிறது. அரபு இலக்கணப் பாடங்களில் நாம் சந்திக்கும் ஸைதும் அம்ரும் இரகசியம் பேச விழைவதாகக் கொள்வோம். நடுவே பக்ர் அமர்ந்து, ஸைதிடம் அம்ராகவும் அம்ரிடம் ஸைதாகவும் நடித்து, இருவருடனும் தனித்தனியே பின்னிய துகள்களைப் பகிர்ந்துகொண்டால், இருபுறமும் எண் 2.83ஐ ஒட்டியே நிற்கும். பின்னல் மெய், ஆளோ பொய். துகளில் எவர் பெயரும் பொறிக்கப்பட்டிருப்பதில்லை.

ஆகவே ஸைதும் அம்ரும் முன்னரே சிறு இரகசியம் ஒன்றைப் பகிர்ந்திருத்தல் வேண்டும். அதைக் கொண்டு தம் செய்திகளுக்கு அடையாளக் குறி இடுவர். வெக்மனும் கார்ட்டரும் 1981இல் வெளியிட்ட முறைப்படி இடப்படும் குறியைப் போலி செய்ய, எத்துணை ஆற்றல்மிக்க கணினியும் உதவாது. குருட்டு வாய்ப்பு ஒன்றே எஞ்சும், அதையும் வேண்டுமளவு குறைக்கலாம். புதிதாக உருவாகும் திறவுகோலில் ஒரு பகுதி அடுத்த உரையாடலின் குறிக்கென ஒதுக்கப்படும். முன்கூட்டியே பகிர்ந்து சேமித்த பின்னிய துகள்களையே அடையாளச் சான்றாக்கும் திட்டங்களும் முன்மொழியப்பட்டுள்ளன. இணைத்துகள் யாரிடம் உள்ளதோ அவரே இயைபைக் காட்ட இயலும். எனினும் அத்துகள் முதலில் உரியவர் கையில்தான் சேர்ந்தது என்பதற்கு இயற்பியல் சான்று தராது.

ஹதீஸ் கலை வல்லுநர்கள் செய்தியின் வாசகத்தோடு நின்றுவிடவில்லை. அறிவித்தவர் யார் என்றும் ஆராய்ந்தனர். அறிவிப்பாளர் தமக்கு முந்தியவரைச் சந்தித்தது உறுதியாக வேண்டும் என்பதில் இமாம் புகாரி கண்டிப்புடன் இருந்தார்கள். குவாண்டம் கருவிகள் வழியைக் காக்கும். வழியின் மறுமுனையில் இருப்பவர் இன்னார் என்னும் உறுதி, முன் நிகழ்ந்த நம்பகமான ஒரு சந்திப்பிலிருந்தே பிறக்கிறது.