ஓரெழுத்துச் சோதனை

தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் வாள், எதற்கும் அஞ்சாத துணிச்சல். 'அட்வென்சர் டைம்' கார்ட்டூன் தொடரின் நாயகன் ஃபின், 2010-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு இப்படித்தான் வந்தான். கூடவே, உடம்பை ரப்பர்போல இழுத்து நீட்டும் ஜேக் என்ற நாய். அந்தத் தொடரில் பணியாற்றிய ஓவியர் நடாஷா அல்லெக்ரி, ஃபின்னைப் பெண்ணாக வரைந்து பார்த்தார். பெயர் ஃபியோனா. தொப்பியின் காதுகள் முயல் காதுகளாக நீண்டன. ஜேக் என்ற நாய், கேக் என்ற பெண் பூனையானது. வாளும் துணிச்சலும் அப்படியே இருந்தன.

ரசிகர்கள் அந்தப் படங்களைக் கொண்டாடினார்கள். 2011 செப்டம்பர் 5 அன்று ஃபியோனா அந்தத் தொடரின் ஓர் அத்தியாயத்துக்கே நாயகியானாள். அதன் முடிவில்தான் தெரியவரும், நாம் பார்த்ததெல்லாம் ஐஸ் கிங் என்ற பாத்திரம் எழுதிய ரசிகர் கதை என்று! 2023-இல் ஃபியோனாவுக்கும் கேக்குக்கும் தனித் தொடரே வந்துவிட்டது.

பாத்திரங்களின் பாலினத்தை மாற்றிப் பார்க்கும் இந்த ஆசை புதிதல்ல. துப்பறியும் கதை எழுத்தாளர் ரெக்ஸ் ஸ்டவுட், ஷெர்லாக் ஹோம்ஸ் ரசிகர்களின் கூட்டத்தில், ஹோம்ஸின் தோழர் 'வாட்சன் ஒரு பெண்' என்று வாதாடியது 1941-இல். 2012-இல் 'எலிமென்டரி' தொடரில் லூசி லியு, ஜோன் வாட்சன் என்ற பெண்ணாகவே வந்தார்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு விதி உண்டு: ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே, என்ன நடக்கிறது என்று பார். பாலினம் மாற்றி எழுதும் ரசிகர், தம்மை அறியாமலே அந்த விதியைத்தான் பின்பற்றுகிறார். விஞ்ஞானிகளும் இதே சோதனையைச் செய்திருக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜான் காண்ட்ரி, சாண்ட்ரா காண்ட்ரி இருவரும் ஒன்பது மாதக் குழந்தை ஒன்றின் படத்தை 204 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். பெட்டியைத் திறந்துகொண்டு ஒரு பொம்மை துள்ளி எழுகிறது; குழந்தை திடுக்கிட்டு அழுகிறது. ஆண் குழந்தை என்று சொல்லிக் காட்டப்பட்டவர்கள் அந்த அழுகையில் கோபத்தைக் கூடுதலாகக் கண்டார்கள். பெண் குழந்தை என்று சொல்லிக் காட்டப்பட்டவர்களுக்கு அதே அழுகை பயமாகத் தெரிந்தது. 1976-இல் வெளியான ஆய்வு இது. குழந்தையும் ஒன்று, கண்ணீரும் ஒன்று. மாறியது பார்த்தவர் மனம்.

ஃபியோனா நமக்குக் காட்டுவதும் இந்த மனத்தைத்தான். ஃபின் முரட்டுத்தனமாகப் பாய்ந்தால் வீரம் என்கிறோம். அதே பாய்ச்சலை ஃபியோனாவிடம் கண்டால் என்ன பெயர் வைக்கிறோம்?

இதைச் சோதித்துப் பார்க்கத் தமிழைப்போல வசதியான மொழி வாய்ப்பது அரிது. நம் வினைச்சொல்லின் கடைசி எழுத்திலேயே பாலினம் குடியிருக்கிறது. உங்களுக்குப் பிடித்த தொலைக்காட்சித் தொடரிலிருந்து ஒரு காட்சியைத் தாளில் எழுதுங்கள். 'அதட்டினான்' என்பதை 'அதட்டினாள்' என்றும், 'அழுதாள்' என்பதை 'அழுதான்' என்றும் மாற்றுங்கள். வேறெதையும் தொடாமல் வாய்விட்டுப் படியுங்கள். எந்த வரியில் நாக்கு தயங்குகிறதோ, அந்த வரியின் கீழே கோடு போடுங்கள். நீங்கள் யோசிக்க வேண்டிய இடம் அதுதான்.