மறக்க வேண்டிய யந்திரமும் மறக்கக் கூடாத யந்திரமும்

குரோம்பேட்டையில் 1949ஆம் ஆண்டு சி. ராஜம் நிறுவிய எம்.ஐ.டி. கல்லூரி, பாலமும் கட்டடமும் கட்டுவதே பொறியியல் என்று பலரும் எண்ணியிருந்த அக்காலத்திலேயே, கருவியியலைத் தனிப் பாடமாக ஏற்று நடத்தத் தொடங்கியது. அதற்குச் சற்றே தெற்கில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டித் தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் தோன்றியது. இன்று இப்பகுதியின் ஆலைகளில் யந்திரங்களை ஓட்டவும் நிறுத்தவும் செய்கிற பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டி சர்வ சாதாரணம். அது எவ்வாறு முடிவெடுக்கிறது என்பதை அறியப் பெரிய கணிதம் வேண்டியதில்லை.

கார் மாதிரி மாறும்போதெல்லாம் ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்சுகள் எண்ணற்றவற்றின் கம்பிகளைப் பிரித்து மறுபடியும் பின்னும் சிரமத்திலிருந்து விடுதலை தேடி, 1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் ஒரு கருவியைக் கோரினர். டிக் மார்லி குழுவினரின் ‘மோடிகான் 084’ என்னும் பி.எல்.சி. அக்கோரிக்கையை நிறைவேற்றியது. ரிலே வரைபடத்தைப் படித்துப் பழகிய மின்பணியாளர் புதிய பாஷை கற்க நேராதபடி, அந்த வரைபடத்தின் ஏணி உருவமே நிரலுக்கும் நிலைத்தது.

பிட் என்பது ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டே ஸ்திதிகளை உடைய நினைவணு. ஏணிப்படியின் இடப்பக்கத்துக் கட்டளைகள் கேட்பவை இரண்டே கேள்விகள்: இந்தப் பிட் ஒன்றாக இருக்கிறதா? அல்லது, பூஜ்யமாக இருக்கிறதா? வரிசையாக நிற்கும் எல்லாக் கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்ற விடை கிடைத்தால் படி மெய்யாகி, வலப்பக்கத்தில் உள்ள ‘காயில்’ என்னும் வெளியீட்டுக் கட்டளை உயிர்பெறும். மேலிருந்து கீழாக எல்லாப் படிகளையும் வாசித்து மீண்டும் தொடங்கும் இந்த ஸ்கேன், பெரும்பாலும் சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடுகிறது.

புதிதாய்க் கற்பவர் தடுமாறும் இடம் ஸ்டாப் பொத்தான். அழுத்தாதபோது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கவும், அழுத்தினால் அறுபடவும் இணைப்பதே மரபு. ஆதலால் நிரலில் ‘ஒன்றாக இருக்கிறதா’ என்றே கேட்க வேண்டும். எலி கம்பியைக் கடித்தாலும், முனை கழன்றாலும், பிட் பூஜ்யமாகி யந்திரம் நின்றுவிடும். மாற்றி இணைத்துவிட்டாலோ, கம்பி அறுந்த செய்தி, நிறுத்தியே ஆக வேண்டிய ஆபத்து வேளையில்தான் தெரியவரும்.

இதனினும் சூக்ஷ்மமானது வலப்பக்கம். சாதாரணக் காயில், படி மெய்யாக இருக்கும்வரை ஒன்றாகவும், பொய்யானதும் பூஜ்யமாகவும் ஆகும். லாட்ச் என்னும் கட்டளையோ ஒருமுறை ஒன்றாக்கினால், அன்லாட்ச் வந்து விடுவிக்கும்வரை பிடியைத் தளர்த்தாது. ஆலன் பிராட்லி போன்ற கருவிகளில் கரண்ட் போய்த் திரும்பினாலும் அந்த ஞாபகம் மாறாது, வேறு சிலவற்றில் அதைத் தனியே நிர்ணயிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட முடிச்சூரிலோ வரதராஜபுரத்திலோ, ஒரு குடியிருப்பின் தரைத்தளத்தில் மழைநீரை இறைக்கும் பம்ப், மின்சாரம் திரும்பியதும் யாரும் பொத்தானைத் தேடாமலே ஓட வேண்டும்; அங்கே லாட்ச் பொருந்தும். ஆனால் மின்தடை நேரத்தில் சிக்கிய பொருளை எடுக்க ஒரு தொழிலாளி கைவிட்டிருக்கும் அழுத்து யந்திரம், முன்பு ஓடியதை அறவே மறந்து, மறுபடியும் ஸ்டார்ட் அழுத்தும்வரை அசையாதிருக்க வேண்டும். அதற்கு, மோட்டாரின் பிட்டையே ஸ்டார்ட் பொத்தானுக்கு இணையாக வைத்து, சாதாரணக் காயிலைக் கொண்டு நிலைநிறுத்துவதே தக்க வழி.

ஒரே ஒரு ஸ்கேனுக்கு மட்டும் மெய்யாகும் ‘ஒன் ஷாட்’ கட்டளைக்கும் விசேஷப் பயன் உண்டு. அரை விநாடி சென்சார் முன் நிற்கும் ஒரு பெட்டியை, 10 மில்லி விநாடி ஸ்கேனில் கூட்டல் கட்டளையால் அப்படியே எண்ணினால், ஒரு பெட்டி ஐம்பதாகிவிடும்! ஒரே பிட்டை இரண்டு படிகளில் சாதாரணக் காயிலாக எழுதுவதும் பிழை. கீழே வரும் படி சொன்னதே நிலைக்கும்.

உயிரைக் காக்கும் அவசர நிறுத்தத்தை நிரலை மட்டும் நம்பி விடலாகாது. அது தனிப் பாதுகாப்பு ரிலே வழியாக மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் இக்கலையைப் பயிலும் இளைஞர்கள், ஒவ்வொரு லாட்சையும் எழுதுமுன், கரண்ட் போய் வந்தால் இந்த யந்திரம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு, அதன் விடையைப் படியின் பக்கத்திலேயே குறித்து வைப்பார்களாக.