உதரவிதானமும் ஓர் ஊமை எழுத்தும்

மார்பறைக்கும் வயிற்றறைக்கும் இடையே அமைந்த தசைச்சுவரை உதரவிதானம் என்கிறோம். உதரம் என்பது வயிறு. விதானம் என்பது மேற்கட்டி. நாம் மேற்கட்டியாகக் கண்ட இவ்வுறுப்பைக் கிரேக்கர் வேலியாகக் கண்டனர். 'தியா' என்றால் ஊடே. 'ஃப்ரக்மா' என்றால் வேலி. வீட்டில் ஆடவர் பகுதியையும் மகளிர் பகுதியையும் பிரிக்கும் தடுப்போடு இதனை ஒப்பிட்டுப் பேசுகிறார் பிளேட்டோ, தம் 'திமேயஸ்' என்னும் நூலில்.

இச்சொல்லின் ஆங்கில வடிவமே 'டயஃப்ரம்'. தமிழ்வழிப் பயின்று வந்த மாணவர், வாய்மொழித் தேர்வில் இதனை எழுத்துக்கூட்டி 'டயாப்ராகம்' என ஒலித்து நகைப்புக்கு ஆளாவதுண்டு. உறுப்பின் இயக்கத்தை நன்கறிந்தவரும் அந்நொடியில் அறியாதவர்போல் தலைகுனிகின்றார். பிழை அறிவில் இல்லை. அசை பிரிப்பில் உள்ளது.

கிரேக்கத்தில் இச்சொல் 'தி-அ-ஃப்ரக்-ம' என நான்கு அசை உடையது. ககர ஒலி மூன்றாம் அசையை மூட, மகரம் இறுதி உயிரோடு கூடி நான்காம் அசையாகிறது. ஆங்கிலமோ அவ்விறுதி உயிரை இழந்தது. எனவே ககரமும் மகரமும் சொல்லின் ஈற்றில் ஒருங்கே நின்றன. அவ்விரண்டையும் ஈற்றில் சேர்த்தொலிப்பது ஆங்கில நாவிற்கு இயல்பன்று; ககரம் ஊமையாயிற்று. 'டை-அ-ஃப்ரம்' என மூன்று அசையே எஞ்சின. அழுத்தம் முதலசையில் விழும்.

ஆயினும் அவ்வெழுத்து இறந்துபடவில்லை. 'டயஃப்ரக்மேட்டிக்' என்னும் பெயரடையில் மகரத்தின்மேல் உயிர் ஏறுகிறது. 'தமிழ்', 'அன்னை' இரண்டும் புணர்கையில் ழகரமெய் அடுத்த உயிரோடு கூடித் 'தமிழன்னை' ஆவதுபோல, மகரம் அடுத்த அசைக்குச் செல்லவே ககரம் மீண்டும் ஒலிக்கிறது: 'டை-அ-ஃப்ரக்-மேட்-டிக்'. இங்கு அழுத்தம் நான்காம் அசைக்குரியது. சளியைக் குறிக்கும் 'ஃப்ளெம்' என்னும் சொல் 'ஃப்ளெக்மேட்டிக்' என விரிவதும் இம்முறையே.

ஈற்றில் இருமெய் நெருங்கினால் ஒன்று நலிவது நாம் அறியாததன்று. 'போன்ம்', 'மருண்ம்' என்பவற்றில் மகரம் கால் மாத்திரையாய்க் குறுகுவதை மகரக்குறுக்கம் என நம் இலக்கணம் கூறும். அங்கு மகரம் குறுகுகிறது. ஆங்கிலத்தில் ககரம் மறைகிறது.

மகரக்குறுக்கம் கற்ற மாணவருக்கு 'டயஃப்ரம்' அச்சந்தரும் சொல்லன்று. தமிழ் வகுப்பில் பயின்ற அசையறிவை அறிவியல் வகுப்பிற்கும் உடன்கொண்டு செல்வாராயின், நாவும் தடுமாறாது; தலையும் குனியாது.