அயல்நாட்டாசிரியர் ஒருவரும் நம் பழமொழிகளும்

பிறநாட்டிற் பிறந்து, நம்மிடையே போந்து, நெடுநாள் உறைந்து, நம் மொழியைக் கற்று அதற்குத் தொண்டாற்றிய ஆசிரியர் பலர். அவருள் வீரமாமுனிவரையும், கால்டுவெல் ஐயரையும், போப்பையரையும் அறியாத தமிழ் மாணவர் இலர். ஆயின், அவரோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மற்றொருவர் பெயர் நம் வகுப்பறைகளில் அருகியே ஒலிக்கின்றது. அவரே பீட்டர் பேர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் ஆசிரியராய் வாழ்ந்து, 1882ஆம் ஆண்டிற் சேர்வராயன் மலைமேலுள்ள ஏற்காட்டில் உயிர் நீத்தவர் இப்பெரியார். நூல்களைக் கற்றதனோடு அமையாது, நம் அடுக்களையிலும் களத்திலும் சந்தையிலும் வழங்கும் பேச்சினையும் கல்வியெனக் கொண்டு பயின்றமையே இவர்க்குரிய தனிச்சிறப்பாகும். அயல்நாட்டில் வாழ நேர்ந்த ஓர் ஆசிரியர் அந்நாட்டு மக்களின் அன்றாட வாழ்க்கையை எவ்வழியால் அறியக்கூடும் என்னும் வினாவிற்கு இவர் வரலாறு விடை தருதலின், அதனை ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வாம்.

வரவும் பணியும்

பேர்சிவல் பாதிரியார் 1803ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பிறந்தவர். 1826ஆம் ஆண்டில் வெசுலியன் மெதடிஸ்டு சங்கத்தாரால் இலங்கைக்கு அனுப்பப்பெற்றார். யாழ்ப்பாணத்தில் அச்சங்கத்தார் நடாத்திய ஆங்கிலப் பள்ளியின் தலைமையை ஏற்று அதனை வளர்த்தார். அப்பள்ளி 1834ஆம் ஆண்டு முதல் மத்திய பாடசாலை என்னும் பெயர் பெற்று, இந்நாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியாய் விளங்குகின்றது.

பின்னர் அவர் தாய்நாடு சென்று, இந்திய நாட்டின் இயல்பையும் மக்கள் வாழ்க்கையையும் பற்றிக் காண்டர்பரி நகரத்துக் கல்லூரியொன்றில் விரிவுரைகள் நிகழ்த்தினார். அவ்வுரைகளின் சாரத்தைத் தன்னகத்துக்கொண்ட நூல் 1854ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்பின் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்தவராய்ச் சென்னைக்கு மீண்டு, மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். 1855ஆம் ஆண்டில் ‘தினவர்த்தமானி’ என்னும் தமிழ்ச் செய்தியிதழைத் தொடங்கி நடாத்தினார். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் பொருள் கூறும் அகராதிகளையும் இயற்றினார். கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களைப் பின்னாளில் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், இளமையில் அத்தினவர்த்தமானிக்கு ஆசிரியராய் அமர்ந்தமையும் இப்பாதிரியாரது அழைப்பினாலேயாம்.

ஆசிரியரும் மாணாக்கரும்

மத்திய பாடசாலையிற் பயின்ற மாணாக்கருள் நல்லூரிற் பிறந்த ஆறுமுகம் என்பார் ஒருவர். அவரே பிற்காலத்து ஆறுமுக நாவலர். இருபது வயதளவில், அஃதாவது ஏறக்குறைய எம்மொத்த பருவத்தில், அவர் தாம் கற்ற அப்பள்ளியிலேயே ஆசிரியரானார். விவிலியத்தைத் தமிழிற் பெயர்க்கும் பணி பேர்சிவல் பாதிரியாரிடம் ஒப்புவிக்கப்பெற்றபோது, அவருக்குத் துணையாய் அமர்ந்தவரும் இவ்விளைஞரே. நாவலரோ சைவநெறியினின்றும் சிறிதும் பிறழாதவர். அதனை அறிந்திருந்தும் அவரது புலமையையே பெரிதாகக் கருதிப் பாதிரியார் அவரைத் தம்முடன் வைத்துக்கொண்டனர். 1848ஆம் ஆண்டில் இருவரும் அம்மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டு சென்றதும், அங்கு மழவை மகாலிங்கையர் அதன் நடையை மெச்சியதும் நாவலர் சரித்திரத்துட் பேசப்படுவன.

அவ்வாண்டிலேயே நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பின்பு மத்திய பாடசாலைப் பணியையும் துறந்தார். ஆசிரியரிடம் கண்ட பள்ளி நடாத்தும் முறையும், அச்சு நூலின் ஆற்றலும், எளிய உரைநடையும் அவர்க்குத் தம் சமயத்தைக் காக்கும் கருவிகளாயின. கிறித்தவக் கல்லூரியிற் பயிலும் நாம் இதனைக் குறித்து நாணவோ வருந்தவோ வேண்டுவதில்லை. ஆசிரியர் தந்த கல்வி அவர் கருதிய திசையிலேயே செல்லவேண்டுமென்னும் நியதி யாண்டும் இல்லை. மாணாக்கனைத் தன் காலில் நிற்கச் செய்ததே அவர் கல்வி மெய்க்கல்வி என்பதற்குச் சான்றாகும்.

அவ்விருவரும் சேர்ந்தியற்றிய மொழிபெயர்ப்பு 1850ஆம் ஆண்டில் அச்சாயிற்று. எனினும் அது தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் நிலைபெறவில்லை. முத்தையா பிள்ளை என்பார் துணையுடன் பவர் ஐயர் முதலியோர் முற்றுவித்த 1871ஆம் ஆண்டுத் திருப்புதலே மக்கள் வாயிலும் வழிபாட்டிலும் இடம்பெற்றது. இங்ஙனம் புலவரின் துணைகொண்டு செய்த பெரும்பணி ஒதுங்கிப்போக, பொதுமக்களிடமிருந்து தொகுத்த சிறு பணியே பேர்சிவல் பாதிரியார்க்கு நிலைத்த புகழ் தந்தது. அச்சிறு பணி யாதெனக் காண்பாம்.

பழமொழித் தொகுதி

1843ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தபோதே, அவர் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். அதனோடு நின்றாரல்லர். முப்பது ஆண்டுகள் கழித்தும் அவ்வேட்டினை மூடிவைக்கவில்லை. 1874ஆம் ஆண்டில் தினவர்த்தமானி அச்சகத்தில் மூன்றாம் பதிப்பு வெளிவந்த ஞான்று, அதன்கண் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் அகரவரிசையில் அமைந்திருந்தன.

பழமொழியைத் தொகுப்பார்க்கு மொழியறிவு மட்டும் போதாது, வாழ்க்கையறிவும் வேண்டும். இதனைச் சில எடுத்துக்காட்டுக்களால் விளக்குவாம். ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சருக்கரை’ என்பர். ஆலை என்பது ஈண்டுக் கரும்பாலை. இலுப்பைப்பூ இனிக்கும் என்பதும், ஏழைமக்கள் அதனைப் பொறுக்கி உண்பர் என்பதும் அறியாதான் இதன் சொற்களை யெல்லாம் அகராதியிற் கண்டாலும் பொருளைக் காணான். ‘சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்பதனை உணர, மண்சட்டியின் அடியைத் துழாவும் கொட்டாங்கச்சி அகப்பையைக் கண்ணாற் கண்டிருத்தல் வேண்டும். (தேர்வு நாளில் இப்பழமொழியின் உண்மையை அறியாத மாணவர் எவரும் இரார்.) ‘மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்’ என்னும் போது, ஒரு கூட்டுக்குடும்பத்தின் நீதிமன்றம் முழுவதும் இரண்டு குடங்களுள் அடங்கிவிடுகின்றது.

இலக்கணம் பயில்வார்க்கும் ஈண்டு ஒரு விருந்துண்டு. ‘ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பதில் இறுதிக்கண் நிற்கும் ‘ஆம்’ என்பதனை நோக்குக. அவள் கூறியதைச் சொல்வோன் நேரிற் கேட்டிலன். பிறர் சொல்லக் கேட்டனன். அவள் யார், எவ்வூரினள் என்று எவரும் வினவார். ஓரசையினால் ஒரு குறுங்கதை பிறந்துவிடுகின்றது; சொல்வோன்மேற் பழியும் இல்லை. இத்தகைய ஓரசை ஆங்கிலத்தில் இல்லாமையின், மொழிபெயர்ப்போர் தனித்தொடர் ஒன்றை வருவித்துக்கொள்ளவேண்டும். இல்லையேல் அதன் சுவையை இழக்கவேண்டும். ஆறாயிரம் பழமொழிகளை ஆங்கிலத்திற் பெயர்த்தவர் இவ்விடர்ப்பாட்டை எத்துணைமுறை சந்தித்திருப்பார்! வகுப்பறையிற் கற்பித்தவர் வெளியே வந்து மாணாக்கராய் அமர்ந்தாலன்றி இப்பணி முற்றியிராது.

இவற்றைத் தாழ்ந்த பேச்சென்று நம் முன்னோர் ஒதுக்கினாரல்லர். தொல்காப்பியனார் யாப்பின் வகைகளாகக் கூறும் ஏழனுள் முதுசொல்லும் ஒன்று. முன்றுறையரையனாரது பழமொழி நானூற்றில் ஒவ்வொரு வெண்பாவும் ஒரு பழமொழியைத் தாங்கி நிற்கின்றது. ஆகவே பேர்சிவல் பாதிரியார் செய்தது, நம் மரபினுள் முன்னரே இருந்ததொரு நெறியை அச்சுக் காலத்திற்கு ஏற்ப நீட்டியதேயாகும்.

ஏற்காட்டு மலை

அவரது முதுமை முடிவெய்திய ஏற்காட்டைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். சேலம் நகர்க்கு அண்மையில், கடல்மட்டத்தினின்றும் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், ஏரியும் காடும் சூழ அமைந்தது இவ்வூர். 1820ஆம் ஆண்டுகளிற் சேலத்து ஆட்சியாளராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையிற் காப்பிச்செடியைப் பயிராக்கத் தொடங்கினார். பின்னர்த் தோட்டத்துரைமாரும் பாதிரிமாரும் குளிர்ச்சியை நாடி வந்து குடியேறினர். திருவிருதய கன்னியர்மடப் பள்ளி 1894ஆம் ஆண்டிலும், மான்போர்ட் பள்ளி 1917ஆம் ஆண்டிலும் இங்குத் தோன்றின. ஆதலின் அயல்நாட்டு ஆசிரியர்க்கு இம்மலை பழகிய இடமேயாம்.

ஆயினும் இம்மலைக்கு உரியோர் வேறு. அவர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்வோர் என்பது அப்பெயர்ப்பொருள். சேரநாட்டு மலையாள மொழியோடு அதற்குத் தொடர்பில்லை. அவர் தாய்மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சியினின்றும் போந்தனர் என்பது அவருள் வழங்கும் மரபு. மலையுச்சியிற் குகைக்குள் அமைந்த சேர்வராயன் கோயிலில் ஆண்டுதோறும் வேனிற்காலத்தில் விழா எடுப்பர். குளிரை நாடி மலையேறுவோர் ஏரியையும் காட்சிமுனைகளையும் கண்டு மீளுகின்றனர். மலைமக்களின் பேச்சைச் செவிமடுப்பார் மிகச் சிலரே.

பேர்சிவல் பாதிரியாரின் மருகர் இராபர்ட்டு புரூஸ் பூட் என்பாரும் ஓய்வுபெற்றபின் ஏற்காட்டிலேயே வாழ்ந்தார். 1863ஆம் ஆண்டிற் பல்லாவரத்திற் பழங்கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்து, இந்நாட்டு மாந்தரின் தொன்மையை உலகறியச் செய்த நிலநூல் அறிஞர் இவர். இவர் திரட்டிய கற்கருவிகள் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. மாமனார் சொற்களைத் திரட்டினார். மருகர் கற்களைத் திரட்டினார். பலரும் மிதித்துச் சென்றவற்றையே இருவரும் குனிந்தெடுத்தனர்.

பிறநாட்டு ஒப்புமை

இத்தகைய முயற்சி நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. கிரேக்க நாட்டிற் பிறந்த லஃப்காடியோ ஹேர்ன் என்பார் 1890ஆம் ஆண்டில் ஜப்பான் சென்று, மாட்சுவே என்னும் ஊரில் ஆங்கில ஆசிரியரானார். அந்நாட்டுப் பெண்ணை மணந்து, கொய்சுமி யாக்குமோ என்னும் பெயரும் பூண்டார். பேய்க்கதைகளையும், வழிபாட்டு வழக்கங்களையும், வீட்டு வாழ்க்கையின் சிறு செய்திகளையும் பிறர் சொல்லக் கேட்டு எழுதினார். அவருடைய ‘குவைதான்’ என்னும் கதைத்தொகுதி 1904ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் காலமானார். இந்நாளில் ஜப்பானியர் அவரைத் தம்முள் ஒருவராகவே போற்றுகின்றனர். பெரு நூல்களைக் கற்ற அயலாரை மக்கள் மதிப்பர். தம் வீட்டுப் பேச்சைக் கற்றவரையோ தம்மவர் என்பர்.

குறையும் கடமையும்

பேர்சிவல் தொகுதி குறையற்றதென்று கூறுவேமல்லேம். ஒரு பழமொழியை யார், யாரை நோக்கி, எச்சமயத்திற் கூறினர் என்பது அதன் உயிர். அகரவரிசை அவ்வுயிரைக் காட்டாது. 1894ஆம் ஆண்டிற் பழமொழி அகராதி வெளியிட்ட தமிழ்க் கிறித்தவ அறிஞர் ஜான் லாசரஸ் ஐயர் 9,417 பழமொழிகளைத் தந்து, அவை வழங்கும் முறையையும் குறிப்பித்தார். 1897ஆம் ஆண்டில் டேனிய பாதிரியார் எர்மன் ஜென்சன் 3,644 பழமொழிகளைப் பொருள்வகையாற் பகுத்தார். ஒருவர் விட்ட குறையை மற்றொருவர் நிரப்பினர்.

மற்றுமொன்று. பழமொழிகளுட் பெண்டிரை இழித்துரைப்பனவும், குலங்களை ஏளனஞ் செய்வனவும் பல. பழமையானது பற்றி அவற்றை நீதியெனக் கொள்ளுதல் தகாது. அருவருப்பானவை என்று மறைத்தலும் தகாது. நம் சமுதாயம் என்ன எண்ணியதென்பதற்கு அவை வாக்குமூலம். வாக்குமூலத்தை அழித்தவன் வழக்கை அறியான்.

இவையெல்லாம் அறிந்தபின், தமிழ்ச் சிறப்பு வகுப்பில் அமர்ந்திருக்கும் எம்மை நோக்கி ஒரு வினா எழுகின்றது. சங்கப் பாடல்களுக்குப் பதவுரை கூறவல்ல நாம், நம் பாட்டிமார் பேச்சிற்குப் பொருள் கூறவல்லேமா? உரலும் உலக்கையும் வீடுகளினின்றும் அகன்றன. ஏற்றமும் கவலையும் வயல்களினின்றும் மறைந்தன. பொருள் போயபின் அதனைப் பற்றிய மொழியும் போகும். இருபதாண்டு கழித்துக் கேட்கப் புகின், சொல்வார் இரார். சொல்லினும் விளக்குவார் இரார். கடல் கடந்து வந்த ஆசிரியர்க்கு இருந்த செவி, இம்மண்ணிற் பிறந்த நமக்கு இல்லையெனின் அது நமக்கு இழுக்கன்றோ!

ஆதலின் மாணவத் தோழர்க்கு யாம் கூறுவது இது. அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேட்டை உடன் கொண்டு செல்க. ஏற்காடு முதலிய மலையூர்களினின்றும் வந்துள்ள நண்பர் தம் ஊர் வழக்குகளையும் மறவற்க. முதியோர் கூறும் பழமொழியை அவர் கூறியவாறே எழுதுக. எச்சமயத்திற் கூறினர், எதனைக் குறித்துக் கூறினர் என்பதனையும் அதன்கீழ் எழுதுக. ஒருவர் ஐம்பது கொணரின், ஒரு வகுப்பு ஆயிரங் கொணரும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதும் அம்முதியோர் வாய்மொழியே யன்றோ!