தழும்பு ஊசி மருந்தும் சிறுநீர்ப்பைப் புற்றும்

'சூடு' என்று விட்டுவிடும் ரத்தம்

சிறுநீரில் ரத்தம் போனால் நம்மில் பலரும் உடம்புச் சூடு என்று இளநீர் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவோம். வலி இல்லாமல், ஒருநாள் வந்து மறுநாள் நின்றும் போவதால் அந்த நம்பிக்கை இன்னும் உறுதியாகிறது. சிறுநீர்ப்பைப் புற்று தலைகாட்டும் வழக்கமான விதமும் இதுவேதான். புகைபிடிப்பவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். கண்டுபிடிக்கப்படுபவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு, தசையைத் தொடாமல் உட்புறச் சவ்வோடு நிற்கும் ஆரம்பநிலைப் புற்றுகள்.

ஆறு வாரக் கணக்கு

கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகும் அது திரும்ப வரும் அபாயம் அதிகம் என்றால், மருத்துவர் பி.சி.ஜி. கொடுப்பார். பிறந்த குழந்தையின் தோளில் போட்டுத் தழும்பாகும் அதே காசநோய்த் தடுப்பூசிக் கிருமிதான். பிரான்சில் கால்மெட், கெரான் இருவரும் 13 ஆண்டுகள் வளர்த்து வளர்த்து வீரியம் குறைத்த கிருமி அது. கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அல்வாரோ மொராலஸ் 1976-இல், ஒன்பது நோயாளிகளுக்குக் கதீட்டர் வழியாக இதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திய அனுபவத்தை வெளியிட்டார். வாரம் ஒன்றாக ஆறு தவணை. ஏன் ஆறு? அவருக்குக் கிடைத்த மருந்துப் பெட்டியில் ஆறு குப்பிகள் இருந்தன! உலகம் இன்றும் அந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது.

கிருமி உள்ளே போனதும் சவ்வு வீங்கிச் சிவக்கிறது. எதிர்ப்பணுக்கள் திரண்டு வந்து புற்றணுக்களையும் தாக்குகின்றன. கடுப்பும் லேசான காய்ச்சலும் அந்தச் சண்டையின் அடையாளம். காய்ச்சல் கடுமையானாலோ நீடித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரணடைய வைக்கும் புரதம்

சிலருக்குப் பி.சி.ஜி. பலிப்பதில்லை. அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுவது இது: சில புற்றணுக்கள் தம்மேல் பி.டி.-எல்1 என்ற புரதத்தை ஏந்தி நிற்கும். தாக்க வரும் எதிர்ப்பணுவான டி-அணுவின் பி.டி.-1 என்ற கொக்கியில் அது மாட்டிக்கொண்டால் டி-அணு அடங்கிவிடும். பி.டி.-1-ஐ 1992-இல் இனங்கண்ட கியோட்டோ ஆய்வுக்குழுவின் தலைவர் தசுகு ஹோஞ்சோ, 2018-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்தப் பிடியை விடுவிக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தை, பி.சி.ஜி. கைவிட்ட ஒருவகை ஆரம்பநிலைப் புற்றுக்கு அமெரிக்கா 2020 ஜனவரியில் அனுமதித்தது. அதற்கான ஆய்வில் 96 பேரில் 41 சதவீதத்தினருக்குப் புற்று முழுதாக மறைந்தது. ஆனால் அவர்களில் பாதிக்கும் சற்றுக் குறைவானவர்களுக்கே அந்த நிலை ஓராண்டாவது நீடித்தது.

ரிப்போர்ட்டில் வரும் எண்

அப்படியானால் பி.டி.-எல்1 கூடுதலாக இருப்பவருக்கு மருந்து கேட்கும், இல்லாதவருக்குக் கேட்காது என்றுதானே தோன்றும்? ஆரம்பநிலைப் புற்றில் அந்தக் கணக்கு சரிப்படவில்லை. 2020 அனுமதியும் பி.டி.-எல்1 அளவைப் பார்க்கும் பரிசோதனையைக் கட்டாயமாக்கவில்லை. ஒரே கட்டியின் ஒரு மூலையில் இந்தப் புரதம் இருக்கும், மறு மூலையில் இருக்காது. சாயமேற்றும் முறைக்கு முறை எண்ணும் மாறும். இது போதாதென்று, பி.சி.ஜி. மூட்டும் அழற்சியே இந்தப் புரதத்தைக் கூட்டிவிடலாம். பரவிய புற்றில் மருந்தைத் தேர்ந்தெடுக்கச் சில இடங்களில் இது கைகொடுத்தது உண்மைதான். அந்த அளவுகோலை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

ஆகவே ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று பார்த்து மகிழவோ, 'நெகட்டிவ்' என்று உடைந்துபோகவோ காரணமில்லை. பி.சி.ஜி. யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்ல நம்பகமான புரதக் குறியீடு எதுவும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியைத்தான் மருத்துவர்கள் இன்றும் நம்புகிறார்கள். சங்கடமான பரிசோதனைதான், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று சிலர் இடையிலேயே நிறுத்திவிடுவதுண்டு. இந்தப் புற்று திரும்பி வந்தாலும், முதலில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடும்.