ஆய்வகத்திலிருந்து ஆலை வாசலுக்கு

புனே நகருக்கு வடமேற்கே நிக்டி. சுற்றிலும் பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பேட்டைகள். அங்கேயே 1999-இல் தொடங்கிய பிம்ப்ரி-சிஞ்ச்வட் பொறியியல் கல்லூரி. ஆலை வாசல் அருகிலேயே இருக்கிறது. ஆனால், ஆய்வகத்தில் பிறந்த ஒன்றை அந்த வாசலுக்குள் கொண்டுசேர்ப்பது எப்படி? அதற்கென்றே ஒரு பயிற்சி உண்டு.

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011-இல் தொடங்கிய அதன் பெயர் 'ஐ-கார்ப்ஸ்'. ஓர் ஆய்வு மாணவர், அவருடைய பேராசிரியர், தொழில் அனுபவமுள்ள ஒரு வழிகாட்டி ஆகியோர் சேர்ந்து ஒரு குழு. சுமார் 7 வாரங்களில் 100 பேரையாவது அவர்கள் நேரில் சந்திக்க வேண்டும். பொருளைப் பயன்படுத்தப் போகிறவர், வாங்க முடிவெடுப்பவர், பணம் ஒதுக்குபவர் எல்லாரையும்தான். போனவுடன் தன் கண்டுபிடிப்பை விளக்கத் தொடங்கக் கூடாது. எதிரில் இருப்பவரின் சிரமத்தைக் கேட்க வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு இதுதான் மிகக் கடினம். நம் கல்லூரிகள் எல்லாவற்றிலும் இது பாடமாக வேண்டும்.

சென்னை ஐஐடியின் கோபாலகிருஷ்ணன்-தேஷ்பாண்டே மையம் இந்த முறையை ஒட்டியே பயிற்சி தருகிறது. புனேயிலும் துணை உண்டு: பாஷாணில், தேசிய வேதியியல் ஆய்வக வளாகத்தில், 2007 முதல் இயங்கும் வென்ச்சர் சென்டர். ஆய்வகத்திலிருந்து கிளம்பும் புதிய நிறுவனங்களுக்கு இடம், கருவிகள், காப்புரிமை ஆலோசனை மூன்றும் அங்கே கிடைக்கின்றன.